ரேம் வாங்குவதற்கு முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

போன வருடம் ஆடி மாதம், பதினெட்டாம் பெருக்குக்கு ஒரு வாரம் இருந்தது. சிவகாசியில் அந்த நாட்களில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம், அதாவது டிசைன் மாதிரிகளின் தொகுப்பு, போட வேண்டும். அதற்குள் டிசைன் எல்லாம் முடிந்தாக வேண்டும். டிசைன் சென்டர் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன் போட்டார்.

"தம்பி, புது ரேம் வாங்கிட்டேன். உள்ள போகமாட்டேங்குது. அமுக்கிப் பார்த்துட்டேன். இன்னும் கொஞ்சம் பலமா அமுக்கவா?"

"கையை எடுங்க அண்ணாச்சி, இதோ வர்றேன்" என்று வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், அவருடையது இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர். எச்81 மதர்போர்டு. ரேமை, அதாவது வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் மெமரியை, சொருகும் ஸ்லாட்டே இரண்டுதான், இரண்டிலும் 4 ஜிபி டிடிஆர்3. ஆன்லைனில் அவர் வாங்கியிருந்தது 16 ஜிபி டிடிஆர்5, ஒரே ஸ்டிக். நடுவில் டிடிஆர்4 என்று ஒரு தலைமுறையே வந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அதையும் தாண்டிப் போய் வாங்கியிருக்கிறார். "பெரிய நம்பர்னா நல்லதுதானே தம்பி?" என்றார். நல்லதுதான், ஆனால் அவர் போர்டுக்கு இல்லை.

பத்துப் பதினைந்து வருடமாக இந்த ஊரில் சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிறேன். "டிடிஆர்4 வாங்கலாமா, டிடிஆர்5 வாங்கலாமா?" என்று கேட்காத ஆள் இல்லை. பாதிப் பேரிடம் நான் சொல்வது, அதை நீங்கள் முடிவு செய்ய முடியாது என்பதுதான். போர்டு வாங்கிய அன்றைக்கே அது முடிவாகிவிட்டது. ரேமோடு பேசுகிற கன்ட்ரோலர் இப்போதெல்லாம் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அது எந்த ரகத்தோடு பேசுமோ, அந்த ரகத்துக்கான ஸ்லாட்டைத்தான் போர்டில் வைத்திருப்பார்கள். டிடிஆர்3 ஓடுவது 1.5 வோல்ட்டில், டிடிஆர்4 ஓடுவது 1.2 வோல்ட்டில், டிடிஆர்5 ஓடுவது 1.1 வோல்ட்டில். டிடிஆர்5-ல் மின்சாரத்தைச் சீராக்கும் சிப் கூட போர்டிலிருந்து ரேம் ஸ்டிக் மேலேயே ஏறிவிட்டது. அதனால்தான் ஒன்றை மாற்றி இன்னொன்றில் சொருக முடியாதபடி அடியில் இருக்கும் வெட்டை ஒவ்வொரு தலைமுறைக்கும் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். டிடிஆர்3-க்கு 240 பின். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்குமே 288 பின், நீளமும் ஒன்றுதான். தனித்தனியாகப் பார்த்தால் அனுபவசாலிக்கே குழப்பம் வரும்; பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வெட்டு சில மில்லிமீட்டர் தள்ளியிருப்பது தெரியும். வெட்டு பொருந்தவில்லை என்றால் அது வேறு ரகம், அவ்வளவுதான். அமுக்கினால் ஸ்லாட்டுதான் உடையும்.

சரி, உங்களிடம் இருப்பது என்ன ரகம் என்று தெரிந்துகொள்வது எப்படி? சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்தால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி என்பதைத் தொடுங்கள். வேகம் எவ்வளவு, மொத்தம் எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று கீழே காட்டும். டெஸ்க்டாப்பில் வேகம் 1333, 1600 என்றிருந்தால் பெரும்பாலும் டிடிஆர்3. 2133-லிருந்து 3200 வரை என்றால் டிடிஆர்4. 4800, அதற்கு மேல் என்றால் டிடிஆர்5. சந்தேகமாக இருந்தால் சிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, ரகத்தின் பெயரையே சொல்லிவிடும்.

ஆனால் சிபியு-இசட் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. ஒரு பையன் 3200 ரேம் வாங்கிக்கொண்டு போனான். மறுநாளே வந்து, "அண்ணே, 1600-தான் காட்டுது, ஏமாத்திட்டீங்க" என்றான். டிடிஆர் என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் போகும். சிபியு-இசட் காட்டுவது துடிப்பின் கணக்கு; கடையில் சொல்வது பரிமாற்றத்தின் கணக்கு. 1600 துடிப்பு என்றால் 3200 பரிமாற்றம். கடைக்காரர்கள் நாங்கள் எல்லாவற்றையும் மெகாஹெர்ட்ஸ் மெகாஹெர்ட்ஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் வந்த வினை இது.

போர்டின் மாடல் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டுகளுக்கும் பிராசஸருக்கும் நடுவே எங்காவது பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். கம்பெனி இணையதளத்தில் அந்தப் பெயரைப் போட்டால் அதிகபட்சம் எத்தனை ஜிபி தாங்கும் என்று இருக்கும். அண்ணாச்சியின் எச்81-க்கு 16 ஜிபிதான் உச்சவரம்பு, ஒரு ஸ்லாட்டுக்கு 8. அதற்கு மேல் பணம் இருந்தும் பிரயோஜனமில்லை.

இன்டெல்லில் நான்காம் தலைமுறை வரை டெஸ்க்டாப்பில் டிடிஆர்3தான். 2015-ல் வந்த ஆறாம் தலைமுறையில் கொஞ்சம் கவனம் வேண்டும்: பெரும்பாலான போர்டுகள் டிடிஆர்4, ஆனால் எச்110-ல் டிடிஆர்3 ஸ்லாட் வைத்தும் சில போர்டுகள் வந்தன. அவற்றுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் தான் போட வேண்டும். டிடிஆர்3எல் ஸ்டிக்கைப் பழைய 1.5 வோல்ட் போர்டில் போட்டால் பொதுவாக ஓடிவிடும், 1.5 வோல்ட் ஸ்டிக்கை டிடிஆர்3எல் மட்டுமே கேட்கும் போர்டில் போடாதீர்கள். ஏழிலிருந்து பதினொன்றாம் தலைமுறை வரை நீங்கள் கடையில் பார்த்திருக்கக்கூடியது டிடிஆர்4.

நிஜமாகவே தேர்வு என்று ஒன்று இருப்பது பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் தலைமுறை இன்டெல்லில்தான். அந்த பிராசஸர்கள் இரண்டு ரகத்தோடும் பேசும். எது என்று முடிவு செய்வது போர்டு. ஒரே மாடல் பெயரில் டி4 என்று வால் ஒட்டிய போர்டு ஒன்று, ஒட்டாத போர்டு ஒன்று என்று விற்பார்கள். வாலைப் பார்க்காமல் ரேம் வாங்கிவிட்டு வந்தவர்களை இதுவரை ஏழெட்டுப் பேராவது பார்த்திருப்பேன். அதற்குப் பிறகு வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை டிடிஆர்5 மட்டும்தான். ஏஎம்டி பக்கம் குழப்பமே இல்லை: பிராசஸர் உட்காரும் சாக்கெட் ஏஎம்4 என்றால் டிடிஆர்4, 2022-ல் வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5.

ரகம் தெரிந்துவிட்டது. உடனே வாங்கப் போய்விடாதீர்கள். ரேம்தான் உங்கள் பிரச்சினையா என்று முதலில் பாருங்கள். வேலை உச்சத்தில் இருக்கும்போது, அதாவது நீங்கள் "சனியனே, ஹேங் ஆகாதே" என்று திட்டும் அந்த நிமிடத்தில், டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100-ல் நின்றால் ரேம் போதவில்லை. இடமில்லாமல் தகவலை டிஸ்க்கில் கொட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. மெமரி பாதிதான், டிஸ்க் மட்டும் 100 என்றால், இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே விண்டோஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள். ரேமுக்கு வைத்திருந்த பணத்தில் இதுதான் முதல் செலவு.

அண்ணாச்சிக்கு ரேம்தான் பிரச்சினை. கணக்குப் போட்டே காட்டினேன். 20 அங்குலத்துக்கு 30 அங்குலம் காலண்டர் படம், ரெசல்யூஷன் அங்குலத்துக்கு 300 புள்ளி. 6000 பெருக்கல் 9000, ஐந்து கோடியே நாற்பது லட்சம் புள்ளி. அச்சுக்கான நான்கு நிறத்தில் ஒரு புள்ளிக்கு நான்கு பைட். படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயரில், ஒரு முழு லேயருக்கே 200 மெகாபைட்டுக்கு மேல். அவர் முருகன் படத்துக்குப் பின்னால் மயில், மேகம், ஒளிவட்டம், தங்க பார்டர் என்று பதினைந்து லேயர் வைத்திருப்பார். அதற்கு மேல், பின்னால் போய்த் திருத்துவதற்காக போட்டோஷாப் எடுத்து வைக்கும் பழைய நிலைகள் வேறு. விண்டோஸும் பிரவுசரும் எடுத்தது போக மீதியில் இது எப்படி அடங்கும்?

ஆக, அவருக்கு அன்றைக்கு இரண்டு வழி. டிடிஆர்5 ஸ்டிக்கைக் காப்பாற்ற புது போர்டு, புது பிராசஸர், அதற்கேற்ற எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) என்று போவது. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம். அதுவும் ஆல்பத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சிஸ்டத்தையே மாற்றுவது பைத்தியக்காரத்தனம். இன்னொன்று, 8 ஜிபி டிடிஆர்3 இரண்டு வாங்கி, இருப்பதைக் கழற்றிவிட்டுப் போடுவது. நான் இரண்டாவதைச் சொன்னேன். புதிதாக வேண்டாம், பழசே போதும் என்றேன். நான்காம் தலைமுறை இன்டெல்லில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்று அப்போதே தெரியும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் ஒரு சீசன் தாண்டுவதற்கு மட்டும்தான் செலவு செய்ய வேண்டும்.

பழைய ரேம் வாங்குவதில் இரண்டு குழி உண்டு. இரண்டிலும் நானே விழுந்திருக்கிறேன். முதலாவது, ரொம்ப மலிவாகக் கிடைக்கும் டிடிஆர்3 ஸ்டிக். ஒருமுறை ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடம் பத்து பீஸ் மொத்தமாக எடுத்தேன். வந்த ஸ்டிக்கரில், மூலையில், எறும்பு எழுத்தில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று இருந்தது. அதில் சிப்புகளை அடுக்கியிருக்கும் முறை வேறு. அந்தக் கால ஏஎம்டி போர்டுகள் படிக்கும், இன்டெல் போர்டில் டிஸ்ப்ளேயே வராது. பத்தில் ஒன்றுகூட ஓடவில்லை. திருப்பியும் எடுக்கவில்லை.

இரண்டாவது, சர்வர் ரேம். கம்பெனிகள் கழித்துப் போட்ட சர்வரிலிருந்து பிடுங்கியது, 16 ஜிபி, 32 ஜிபி என்று ஆசை காட்டும் விலையில் வரும். டிடிஆர்4 சர்வர் ஸ்டிக் சாதாரண ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் சிஸ்டம் எழுந்திருக்காது. சிப்பை எண்ணிப் பாருங்கள்: சாதாரண ஸ்டிக்கில் ஒரு பக்கத்துக்கு எட்டு சிப் இருக்கும், சிலவற்றில் நான்கு. ஒன்பது இருந்து, நடுவில் தனியாக இன்னொரு சிப்பும் உட்கார்ந்திருந்தால் சர்வர் சரக்கு. ஸ்டிக்கரில் பிசி4 என்று தொடங்கும் நீளமான எண்ணில், வேகத்துக்கு அடுத்த கோட்டுக்குப் பின்னால் 'யு' எழுத்து வந்தால் உங்களுக்கானது; 'ஆர்' வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

எவ்வளவு ஜிபி? பில் போட, டாலி, பிரவுசர் என்றால் 8 போதும், 16 நிம்மதி. டிசைன் என்றால் 16-லிருந்து தொடங்குங்கள். புதிதாக அசெம்பிள் செய்கிறீர்கள் என்றால் 32. அதை ஒரே ஸ்டிக்காக வாங்காமல் ஜோடியாக வாங்குங்கள். இரண்டு ஸ்டிக் இரண்டு சேனலில் உட்கார்ந்தால் பிராசஸருக்கு இரண்டு பாதை கிடைக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசஸரில் உள்ள கிராஃபிக்ஸையே நம்பி ஓட்டுபவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அதுதான் சரி. பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இரண்டையும் போட்டுவிட்டு ஒரே சேனலில் வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கும் சிஸ்டங்கள் எத்தனையோ.

ஏற்கெனவே 8 இருக்கிறது, இன்னொரு 8 சேர்க்கலாமா என்றால், ரகம் ஒன்றாக இருக்கும்வரை பெரும்பாலும் சேரும். வேகம் வேறு வேறாக இருந்தால் இரண்டும் மெதுவானதற்குத்தான் இறங்கி ஓடும். ஆனால் டிடிஆர்5-ல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் ஆசையை விட்டுவிடுங்கள். ஏஎம்5-ல் நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி கம்பெனி உறுதி சொல்லும் வேகமே 3600 அளவுக்கு இறங்கிவிடும். எட்டு எட்டாக நான்கு வாங்குவதைவிட பதினாறு பதினாறாக இரண்டு.

வேகத்துக்கு வருவோம். இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், நான் கடைசியாகப் பார்ப்பேன். ஸ்டிக்கரில் இரண்டு எண் இருக்கும்: வேகம் ஒன்று, சிஎல் என்ற தாமதம் ஒன்று. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அச்சு மெஷினை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். மணிக்கு எத்தனை ஆயிரம் தாள் அடிக்கிறது என்பது வேகம். பிளேட் மாட்டி, மை சரிபார்த்து முதல் நல்ல தாள் வர ஆகும் நேரம் தாமதம். சின்னச் சின்ன வேலையாக வந்துகொண்டே இருந்தால் இரண்டாவதுதான் முக்கியம். தாமதத்தைக் கணக்கிட, சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுங்கள். நானோசெகண்டில் விடை வரும். டிடிஆர்4 3200, சிஎல் 16 என்றால் 10. டிடிஆர்5 6000, சிஎல் 30 என்றால் அதுவும் 10. டிடிஆர்5 4800, சிஎல் 40 என்றால் கிட்டத்தட்ட 16.7. அதனால்தான், நல்ல டிடிஆர்4 வைத்திருப்பவர் மலிவான டிடிஆர்5-க்கு மாறினால் "என்னப்பா, ஒன்னும் தெரியலையே" என்கிறார். பன்னிரண்டாம் தலைமுறையில் டிடிஆர்4 போர்டு வைத்திருப்பவர்கள் அப்படியே இருங்கள், டிடிஆர்5-க்காக மட்டும் போர்டை மாற்றாதீர்கள் என்பது என் கட்சி. புதிதாக வாங்குபவர்கள் டிடிஆர்5-க்கே போங்கள். அடுத்த ரேம் அதில்தான் கிடைக்கும்.

பிராசஸர் தாங்காத வேகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். பத்தாம் தலைமுறை ஐ5-ஐ எச்410, எச்510 போர்டில் வைத்துக்கொண்டு 3200 ஸ்டிக் போட்டாலும் 2666-ல்தான் ஓடும். மாறாக, வேகமான ஸ்டிக்கை வாங்கி அதற்கான போர்டில் மாட்டியும் பலர் மெதுவாகவே ஓட்டுகிறார்கள். சிஸ்டம் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸில் எக்ஸ்எம்பி என்றோ, ஏஎம்5 போர்டு என்றால் எக்ஸ்போ என்றோ இருக்கும் ஒரு வரியை ஆன் செய்தால்தான் பெட்டியில் போட்ட வேகம் வரும்.

மாட்டும் வேலை ஐந்து நிமிடம். சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, கேபினெட்டின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். மிச்சம் மீதி மின்சாரம் இறங்கிவிடும். இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். பழைய ஸ்டிக் என்றால் தங்கப் பல்லைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிடுங்கள். இதைச் செய்தே "ரேம் போச்சு" என்று வந்த சிஸ்டங்களில் பாதியை எழுப்பியிருக்கிறேன். ஸ்லாட்டின் காதுகளை விரித்து, சில போர்டில் ஒரு பக்கம் மட்டும்தான் காது இருக்கும், வெட்டைப் பொருத்தி, இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். டக் என்று காது தானாக மூடும். மூடவில்லை என்றால் உட்காரவில்லை.

டிடிஆர்5-ல் மட்டும் ஒரு எச்சரிக்கை. முதல்முறை ஆன் செய்ததும் போர்டு ரேமைப் பழக்கும். அந்த நேரம் திரை கருப்பாகவே இருக்கும், சில நிமிடம்கூட ஆகும். நான் செய்த முதல் ஏஎம்5 சிஸ்டத்தில் இது தெரியாமல் மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டு, போர்டு செத்துவிட்டது என்று வியர்த்துப் போனேன். நான்காவது முறை டீ குடிக்கப் போய்விட்டு வந்தால் பயாஸ் சிரித்துக்கொண்டு நிற்கிறது.

எல்லாம் முடிந்ததும், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு ஒரு இரவு ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுங்கள். டிசைன் ஃபைல் கெட்டுப்போவதற்கு அந்த ஒன்று போதும். புது ஸ்டிக் என்றால் பில்லையும் பிளாஸ்டிக் உறையையும் வைத்திருங்கள்.

அண்ணாச்சியின் சிஸ்டத்தில் பழைய 8 ஜிபி ஜோடி அன்று மாலையே ஏறியது. ஆல்பமும் நேரத்துக்கு வந்தது. அந்த டிடிஆர்5 ஸ்டிக்கை, பெட்டி பிரித்துவிட்டதால் விற்றவர் திருப்பி எடுக்கவில்லை. மேசை டிராயரில் ஸ்டேப்ளர் பின்னுக்குப் பக்கத்தில் கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து முறைப்பார், ஏதோ நான் வாங்கச் சொன்ன மாதிரி.

அப்புறம் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறத் தொடங்கியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு சிப் போய்க்கொண்டே இருக்க, நம் கடைக்கு வருவது சுருங்கிவிட்டது. டிடிஆர்4-ம் தப்பவில்லை. தை பிறந்ததும் அண்ணாச்சிக்கு ஏஎம்5-ல் புது சிஸ்டம் போட்டோம். டிராயரைத் திறந்து அந்த ஸ்டிக்கை எடுத்துக் கொடுத்தார். அதே கம்பெனி, அதே மாடலில் ஜோடிக்கு இன்னொன்று வாங்கினோம். பில்லைப் பார்த்தார். முதல் ஸ்டிக்கின் விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

"பார்த்தியா தம்பி, அன்னைக்கே ரெண்டா வாங்கியிருக்கணும்" என்றார்.